சொந்த ஊரில் டூட்டி போடக்கூடாது

எலெக்ஷன் டூட்டி என்று சொன்னாலே எனக்கு அந்தக் காலத்தில் வயிறு எரியும். மானாம்பதிப் பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்பைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் எடுப்பேன். வீடு வீடாகப் போய்த் தலை எண்ணச் சொன்னாலும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். தேர்தல் என்றால் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வேன். காரணம் ஒரு பாழாய்ப்போன விதி. ஓட்டுச்சாவடியில் உட்காருகிற வாத்தியாரை அவர் குடியிருக்கிற ஊரிலும் போட மாட்டார்கள், வேலை பார்க்கிற ஊரிலும் போட மாட்டார்கள். உத்திரமேரூரில் என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி சாவடி இருக்கும். என் பள்ளிக்கூடத்திலேயே சாவடி இருக்கும். என்னை மட்டும் திருமுக்கூடலைத் தாண்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆற்று மணலில் நடந்து போகிற மாதிரி ஏதாவது ஒரு ஊருக்குத் தூக்கி அடிப்பார்கள்.

போன இடத்தில் யாருக்கும் நம்மைத் தெரியாது. குளிக்க மறைவு கிடையாது. மை ஒட்டாமல் இருக்க விரலில் விளக்கெண்ணெயைத் தடவிக்கொண்டு வந்து நிற்கிறவனை, "இன்னாய்யா இது?" என்று கேட்டால், "நீ யாரும்மா கேக்கறதுக்கு? எந்த ஊரு நீ?" என்பான். இதே மானாம்பதி என்றால், "டேய், எங்கிட்ட மூணாங்கிளாஸ்ல ரெண்டு வருஷம் குந்திக்கினு இருந்தவன்தான நீ? காட்டுடா வெரல" என்று ஒரு அதட்டல் போதும். ஊருக்குத் தெரிந்தவள் உட்கார்ந்தால்தான் தேர்தல் ஒழுங்காக நடக்கும், ஊர் பேர் தெரியாதவளை உட்கார வைக்கிறவனுக்கு மூளை இல்லை என்று ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் ஆபீசில் போய்க் கத்திவிட்டு வருவேன். அவர்கள் தலையை ஆட்டுவார்கள். அடுத்த தேர்தலுக்கு இன்னும் தூரமான ஊராகப் பார்த்துப் போடுவார்கள்.

இந்தக் கோபத்தை வாயோடு வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அதை ஒரு கடிதத்தில் எழுதினேன். அது கடல் தாண்டிப் போய், நான் முகம்கூடப் பார்க்காத ஒரு டீச்சர் தலையில் விடிந்தது. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

என் தம்பி எனக்குப் பன்னிரண்டு வயசு இளையவன். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் அவனைத் தூக்கி வளர்த்தவள் நான்தான். மீசை முளைத்ததும் பட்டாளத்தில் சேர்ந்தான். எண்பத்தேழில் நம் நாட்டுப் பட்டாளத்தை இலங்கைக்கு அனுப்பினார்கள் இல்லையா, அதில் அவன் படையும் போயிற்று. அங்கே தமிழர்களுக்கும் அந்த நாட்டு அரசாங்கத்துக்கும் நடந்துகொண்டிருந்த சண்டையை நிறுத்தி, இளைஞர்கள் கையில் இருக்கிற துப்பாக்கிகளை வாங்கி வைத்து, தேர்தல் நடத்திவிட்டு வரப்போகிறார்கள் என்றார்கள். நான் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தேன். மூன்று மாதம்கூட ஆகவில்லை, துப்பாக்கியை வாங்கப் போனவர்களே துப்பாக்கி வைத்திருந்தவர்களோடு சண்டையில் இறங்கிவிட்டார்கள். பட்டாளத்தில் தமிழ் பேசத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் தம்பிக்குச் சண்டையைவிடப் பேச்சு வேலைதான் அதிகம். ஊர் ஜனங்கள் சொல்வதை அதிகாரிக்குச் சொல்வான், அதிகாரி சொல்வதை ஊருக்குச் சொல்வான்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பூட்டு, குடை, டார்ச் லைட் எல்லாம் விற்கிற ஒரு பாய் கடை இருந்தது. காலையில் மானாம்பதி பஸ் வரும்வரை நான் அந்தக் கடை நிழலில்தான் நிற்பேன். பாய்க்கு ரேடியோ பைத்தியம். எந்த நாட்டில் எந்தப் படை எங்கே புகுந்தது என்று அவருக்கு அத்துப்படி. எனக்கும் அவருக்கும் தினமும் வாய்ச் சண்டை நடக்கும்.

"ரஷ்யாக்காரன் ஆப்கானிஸ்தான்ல பூந்து எத்தினி வருஷமாச்சு டீச்சர்? மதவெறிய அடக்கப் போறேன்னுதான் போனான். பொம்பளப் பசங்களுக்கு ஸ்கூலு தொறந்தான், அது நல்லதுதான். இப்ப இன்னா ஆச்சு? அன்னிக்கி மூலைல குந்திக்கினு இருந்த வெறியன்லாம் இன்னிக்கி ஊருக்கே காவலாளி ஆயிட்டான். வெளியாளு துப்பாக்கியோட வந்தான்னா உள்ளூரு கிறுக்கனுக்கு மவுசு வந்துடுது."

"அது பாஷை தெரியாத ரஷ்யாக்காரன். நம்ப பசங்க போயிருக்கறது தமிழ் ஜனங்களாண்ட. போயிருக்கறவன் எந்தம்பி."

"ஒங்க தம்பி தங்கம். நான் இல்லேன்னு சொல்லல. தங்க ஊசின்னு கண்ணுல குத்திக்க முடியுமா?"

எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் வெயிலில் போய் நின்றேன்.

பாய் ரேடியோவைக் கேட்டு மட்டும் அப்படிப் பேசவில்லை. எங்கள் ஊரில் சாமி புறப்பாடு பள்ளிவாசல் தெருவைத் தாண்டும்போது மேளத்தை நிறுத்திக்கொள்வார்கள். பாய் பன்னீர்ச் செம்போடு தன் வீட்டு வாசலில் நின்று பல்லக்குத் தூக்குகிறவர்கள் மேல் தெளிப்பார். அவருக்கு முன்னால் அவர் அப்பா தெளித்தார். ஒரு வருஷம், மேளத்தை எதற்காக நிறுத்த வேண்டும் என்று வெளியூரிலிருந்து வந்த சில பேர் எங்கள் பையன்களைக் கிளப்பிவிட்டார்கள். சாமிக்குப் பன்னீர் தெளிக்கிறவன் முஸ்லிமா என்று வேறு சில பேர் வந்து அந்தத் தெருப் பையன்களைக் கிளப்பிவிட்டார்கள். பெரிய கலவரம் வரும் என்று பயந்து ரிசர்வ் போலீசைக் கொண்டுவந்து தெருவின் இரண்டு பக்கமும் நிறுத்தினார்கள். ஒரு கல்கூட விழவில்லை. நான் அதைத்தான் பாயிடம் குத்திக் காட்டுவேன்.

"போலீஸ் வந்துதான சண்ட நின்னுச்சு?"

"நின்னுச்சு. நான் செம்ப எடுத்துக்கினு வெளிய வரலியே, அத பாத்தீங்களா? ரெண்டு வரிசை லத்திய தாண்டி எப்படி வர்றது? அவங்களும் மேளத்த நிறுத்தல. அடுத்த வருஷம் போலீசும் இல்ல, மேளமும் நிக்கல, நானும் கதவ சாத்திக்கினேன்."

அது சரியாவதற்கு இரண்டு வருஷம் பிடித்தது. மூன்றாம் வருஷம் பல்லக்குத் தூக்குகிறவர்களே அவர் வாசலில் மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, "யோவ் பாய், வேர்த்து ஊத்திக்கினு கீது, பன்னீர் எங்கய்யா?" என்று சத்தம் போட்டார்கள். செம்பு எங்கே வைத்தோம் என்று தெரியாமல் வீடெல்லாம் தேடினாராம். இதை எல்லாம் கண்ணால் பார்த்தவள்தான் நான். பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

அடுத்த வருஷம் தம்பியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வழக்கமாக நாலு வரிக்கு மேல் எழுதாதவன் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். இலங்கையின் கிழக்குப் பக்கம் ஒரு ஊரில் அவன் முகாம். பாதி தமிழ் ஜனம், பாதி முஸ்லிம் ஜனம். முகாம் வந்த பிறகு மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்தைத் திறந்திருக்கிறார்கள். இப்போது தேர்தல் அறிவித்தாகிவிட்டது. தேர்தலில் கலந்துகொள்கிறவர்களுக்குச் சாவு என்று இரவோடு இரவாக யாரோ சுவரில் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். சாவடியில் உட்கார ஒருத்தரும் வர மாட்டேன் என்கிறார்கள். "அக்கா, நீ எத்தினி எலெக்ஷன் பாத்தவ. எப்படி நடத்தினா சனம் நம்பும்? யார உக்கார வெக்கிறது? இங்க ஸ்கூல்ல ஒரு டீச்சர் கீறாங்க. ஒன் வயசுதான் இருக்கும். அவங்க சொன்னா ரெண்டு பக்கத்து சனமும் கேக்குது. ஆனா அவங்க முடியாதுன்னுட்டாங்க. இன்னா பண்ணலாம், எழுது" என்று கேட்டிருந்தான்.

என் தலை எங்கே நின்றது? ஒரு நாட்டுத் தேர்தலுக்கு என்னிடம் யோசனை கேட்கிறார்கள்! உத்திரமேரூர்க்காரிக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் திமிர் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுத்த விதியைக் கல்லில் வெட்டி வைத்த ஊர். அந்தச் சுவரில் நாங்கள் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு மோர் வாங்கப் போவோம் என்பது வேறு விஷயம். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து எட்டுப் பக்கம் எழுதினேன்.

காலையில் ஓட்டுப் போட ஆரம்பிக்கும் முன்னால் வெறும் பெட்டியைக் கவிழ்த்து எல்லாருக்கும் காட்ட வேண்டும், எங்கள் ஊர்க் கல்லிலும் குடத்தை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டு என்றுதான் இருக்கிறது. எல்லாப் பக்கத்து ஆளையும் கூப்பிட்டு, பெட்டி வாயில் ஒட்டுகிற முத்திரைத் தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். ஓட்டுச் சீட்டில் முத்திரை குத்துகிற இடத்தைச் சாக்குக் கட்டி மறைக்க வேண்டும். வயசானவர்களை வரிசையில் நிற்க வைக்கக் கூடாது. இப்படியே எழுதிக்கொண்டு போய்க் கடைசிப் பக்கத்தில் இதை எழுதினேன், எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது: "எங்களைப் போடுவது போல வெளியூர் ஆளைப் போடாதே. அது மூளை இல்லாதவன் எழுதின விதி. அந்த ஊர் டீச்சரையே உட்கார வை. ஊருக்குத் தெரிந்த முகம் அங்கே இருந்தால் பயந்த ஜனமும் வரும். அவர்களிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. ஒரு டீச்சர் சொன்னால் இன்னொரு டீச்சருக்குப் புரியும்."

அவன் காட்டினான். அந்த அம்மா கடிதத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்து, சரி, உட்காருகிறேன் என்று சொன்னார்களாம். "ஒன் லெட்டர படிச்சிட்டுதான் ஒத்துக்கினாங்க க்கா" என்று எழுதினான். நான் அதைப் பாயிடம் படித்துக் காட்டினேன். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் படித்துக் காட்டினேன். வெட்கம் கெட்டவள்.

தேர்தல் நடந்தது. சுற்றுவட்டாரத்தில் மற்ற ஊர்களில் எப்படியோ, அந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஜனம் வந்தது. மணல் மூட்டைக்குப் பின்னால் சிப்பாய்கள் நிற்க, உள்ளே அந்த அம்மா உட்கார்ந்திருந்தார்கள். முதலில் இரண்டு முஸ்லிம் கிழவர்கள் வந்தார்கள். பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அம்மாக்கள் கூட்டமாக வந்தார்கள். கொஞ்ச நாளில் தம்பியின் கடிதத்தோடு இன்னொரு தாள் வந்தது. கோடு போட்ட நோட்டுப் புத்தகத் தாள், அச்சுப் போன்ற கையெழுத்து.

"அன்புள்ள அக்காவுக்கு, உங்கட தம்பி உங்கட கடிதத்தைக் காட்டினவர். நீங்கள் எழுதினபடியே வெறும் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினேன். உள்ளே இருந்து ஒரு சிலந்தி விழுந்தது. சனம் சிரிச்சது. கன காலத்துக்குப் பிறகு இந்தப் பள்ளிக்கூடத்தில் பெரிய ஆக்கள் சிரிச்சதைக் கேட்டேன். மறைப்புக்குச் சாக்குக் கிடைக்கவில்லை. என்ட பழைய சேலை ஒன்றைக் கட்டினேன். உங்களிட்ட ஒன்று கேட்க வேணும். எல்லாம் முடிஞ்சு பெட்டியும் போன பிறகு, நீங்கள் எப்படி வீட்டுக்குப் போறனீங்கள்?"

நான் சிரித்துவிட்டேன். கேட்கிறாள் பார் கேள்வி என்று சிரித்தேன். அன்றைக்கே பதில் எழுதினேன். "வேறு எப்படி, பஸ்ஸில்தான். பஸ்ஸை விட்டுவிட்டால் மாட்டு வண்டி. ஒரு தடவை நெல் ஏற்றின டிராக்டரில் மூட்டை மேல் உட்கார்ந்து வந்தேன், இடுப்பு நாலு நாள் வலித்தது. உங்களுக்கு என்ன, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வீடு என்று தம்பி சொன்னான். கொடுத்து வைத்தவர் நீங்கள்."

தபால் பெட்டியில் போடும் முன் பாயிடம் இதையும் படித்தேன். அவர் கேட்டபடியே பூட்டு ஒன்றைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா இன்னாத்துக்கு டீச்சர் அத கேட்டாங்க?"

"சும்மா பேச்சுக்குத்தான் பாய். பொம்பளைங்க நாங்க கேட்டுக்கறது."

"அப்படியா" என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

அடுத்த வருஷம் நடுவிலேயே பட்டாளத்தைத் திருப்பிக் கூப்பிடப் போகிறார்கள் என்று ரேடியோவில் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த நாட்டுக்காரர்களே போகச் சொன்னார்கள், இங்கேயும் ஏன் போனீர்கள் என்று கேட்டார்கள். மழைக்கு முன்னால் தம்பியின் படை வந்து சேர்ந்தது. நீண்ட லீவில் வீட்டுக்கு வந்தான். தோளெலும்பு தெரிய இளைத்திருந்தான். கறி சமைத்துப் போட்டால் கையில் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பான். தினமும் சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்கவிடாமல் ஒரே கேள்விதான். "லெட்டரு எதுனா வந்துச்சா க்கா?"

அந்த அம்மாவிடம் எங்கள் விலாசத்தைக் கொடுத்து, நல்லபடியாக இருக்கிறேன் என்று ஒரு வரி போடுங்கள் என்று கேட்டுக்கொண்டு வந்திருந்தான். அந்த ஒரு வரிதான் வரவேண்டும். அது வந்தால் அவன் சாப்பிடுவான் என்று எனக்குத் தெரியும். தபால்காரரைக் கண்டால் நான் ஓடுவேன். ஊர்ச் சாமிகளுக்கு எல்லாம் வேண்டிக்கொண்டேன். பாய்கூட, துவா கேட்டேன் டீச்சர் என்றார்.

ஒரு நாள் தானாகவே பேசினான். "ஒன் பதில அவங்களாண்ட குடுத்தேன் க்கா. நின்னபடியே படிச்சாங்க. மடிச்சு வெச்சிக்கினு, 'நல்லது'ன்னாங்க. நாங்க கெளம்பற அன்னிக்கி காத்தால ஸ்கூலு வாசல்ல பசங்களோட நின்னுக்கினு இருந்தாங்க. நான் வண்டில ஏறிட்டேன். எறங்கிப் போய் சொல்லிக்கினு வந்திருக்கணும். நீங்க போய்ட்டா நாங்க இன்னா பண்றதுன்னு ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா தேவல. அதான் ரொம்ப பேஜாரா கீது."

"அவங்களுக்கு ஒண்ணும் ஆவாதுடா. டீச்சர யாரு இன்னா பண்ணுவாங்க?" என்றேன். வாத்தியாரைத் தொட மாட்டார்கள் என்பது என் ஊர்க் கணக்கு. எனக்கு வேறு ஊர் தெரியாது.

கடிதம் ஐப்பசியில் வந்தது. வெளிநாட்டுத் தபால்தலை. என் பேருக்கு வந்திருந்தது. சந்தோஷத்தில் ரோட்டிலேயே பிரித்தேன். அச்சுப் போன்ற அந்தக் கையெழுத்து இல்லை. டீச்சரின் தங்கை எழுதியிருந்தாள். அக்காவின் பாடப் புத்தகத்துக்குள் நீங்கள் எழுதின கடிதம் இருந்தது, விலாசம் அதில் இருந்தது, உங்கள் தம்பி கவலைப்பட்டுக்கொண்டிருப்பார், அறிவிக்க வேணும் என்று நினைத்தேன் என்று ஆரம்பித்தது. பட்டாளம் போய்ப் பத்தாம் நாள், பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தபோது முகத்தை மூடிக்கொண்டு நாலு பேர் வந்தார்கள். தேர்தலுக்கு உட்கார்ந்தது நீதானா என்று கேட்டார்கள். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வருகிறேன் என்று அக்கா சொன்னார். கடைசிப் பிள்ளையை அனுப்பிவிட்டு வெளியே வந்தார். அவ்வளவுதான் எழுதியிருந்தாள். வந்தவர்கள் யார் என்று அவளும் எழுதவில்லை, நானும் இன்றுவரை யாரையும் கேட்கவில்லை. அடியில் ஒரு வரி: "உங்களில் எங்களுக்குக் கோபம் இல்லை."

பாய் கடை வரைக்கும் எப்படி நடந்தேன் என்று தெரியாது. கடிதத்தை நீட்டினேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்தார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. "தம்பியாண்ட இப்ப சொல்லாதீங்க டீச்சர், சாப்ட்டப்புறம் சொல்லுங்க" என்றார்.

தம்பி வீட்டு முற்றத்தில் சைக்கிள் டியூபைக் கழற்றித் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சாப்பிடும்வரை எங்கே மறைப்பது? படித்தேன். அவன் டியூபை அமுக்கியபடியே இருந்தான். குமிழி வந்துகொண்டே இருந்தது.

"ஸ்கூலாண்டவேவா க்கா?"

"ஆமாடா."

"பசங்க?"

"பசங்கள வூட்டுக்கு அனுப்பிட்டாங்களாம்."

அப்புறம்தான் அழுதான். சின்ன வயதில் காது குத்தும்போது அழுத மாதிரி வாயைத் திறந்துகொண்டு அழுதான். "நான் ஆர்டர்ல போனேன், ஆர்டர்ல வந்தேன். அவங்களுக்கு எந்த ஆர்டரும் இல்லியே க்கா. நான் கேட்டேன்னுதான வந்து குந்தினாங்க."

"நீ கேட்டேன்னு இல்லடா. நான் எழுதினேன்னு வந்தாங்க" என்றேன். அவன் இல்லை என்று சொல்லவில்லை.

பட்டாளம் போனது தப்பா, சரியா என்று இன்றைக்கும் என்னிடம் வந்து வாதாடுகிறவர்கள் உண்டு. போகவே கூடாது என்று ஒரே அடியாக என்னால் சொல்ல முடியாது. ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பள்ளிக்கூடம் திறந்திருந்தது. அந்தப் பிள்ளைகள் அத்தனை நாள் வாய்ப்பாடு சொன்னார்கள். அதை இல்லை என்று யார் அழிக்க முடியும்? ஆனால் துப்பாக்கி வைத்துத் திறந்த கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. பல்லக்குக்காரர்கள் தாங்களாக வந்து பாயைக் கூப்பிட்டார்களே, அந்த மாதிரி கூப்பிட அங்கே யாருக்கும் நாள் கிடைக்கவில்லை. வெளியிலிருந்து வந்தவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும், என் தம்பியாகவே இருக்கட்டும், ஒரு நாள் வண்டி ஏறிவிடுவார்கள். அவர்களை நம்பி முன்னால் வந்து நின்றவளுக்கு வீடு அங்கேயே இருக்கிறது. அவள் எங்கே போவாள்? இதைத்தான் அவள் என்னிடம் கேட்டாள். நான் அவளுக்கு டிராக்டர் கதை எழுதினேன்.

நான் திட்டிக்கொண்டிருந்த விதியும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. தோற்றவன் கோபம் யார் மேலாவது விழும். அது ஊரை விட்டுப் போய்விடுகிறவர்கள் மேல் விழட்டும், ஊரிலேயே இருக்கிறவர்கள் மேல் விழ வேண்டாம் என்று யாரோ யோசித்துத்தான் எழுதியிருக்கிறான். மூளை இல்லாதவள் நான்தான்.

அந்தக் கார்த்திகையில் பெரிய தேர்தல் வந்தது. தம்பி லீவு முடிந்து வடக்கே போய்விட்டான். எனக்கு வழக்கம்போல ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர். ஆபீசில் ஆர்டரை நீட்டினவர் என் சத்தத்துக்குத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். உடம்பு சரியில்லையா டீச்சர் என்று கேட்டார்.

காலையில் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார் பெரிய அதிகாரி. அது எப்போதும் நான் விரும்பிச் செய்கிற வேலை. அன்றைக்கு, நீங்களே காட்டுங்கள் சார் என்று சொல்லிவிட்டேன். மத்தியானம் விரலில் எண்ணெய் தடவிக்கொண்டு ஒருத்தன் வந்தான். வேறு ஊர், ஆனால் அதே ரக ஆள். "நீ யாரும்மா கேக்கறதுக்கு? எந்த ஊரு நீ?" என்றான்.

"வெளியூருங்க. சாயங்காலம் போய்டுவேன்" என்றேன். அவன் விரலைத் துடைத்துவிட்டு நீட்டினான்.

முடிந்ததும் பெட்டிக்கு அரக்கு வைத்து லாரியில் ஏற்றினார்கள். போலீஸ்காரர் ஒருவர் இருந்தார், அவரும் அதிலேயே ஏறிக்கொண்டார். ஊர் எப்போதும் போலவே இருந்தது, சண்டை போட்ட இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "பஸ்ஸு வந்துடுச்சி டீச்சர், ஓடுங்க ஓடுங்க" என்று அந்த ஊர்ப் பெண்கள் என் பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார்கள். ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. பஸ் கிளம்பியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டும் நிற்கவில்லை.

பக்கத்தில் மடியில் வேர்க்கடலைக் கூடையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். என் முழங்கையைத் தொட்டாள். "இன்னாம்மா? யாருக்கு இன்னா ஆச்சு?"

"ஒரு டீச்சர் எறந்துட்டாங்க."

"அடப் பாவமே. எப்படி?"

"எலெக்ஷன்ல. அவங்க சொந்த ஊர்லயே டூட்டி போட்டுட்டாங்க."

"ஐயோ, கூடாதாமே அது! எந்தப் பாவி போட்டது?"

"நான்தாம்மா" என்றேன்.